முகமூடிகள் வந்த நாள்

அழைப்பு மணியை விடாமல் அழுத்தியும் கதவு திறக்காத அந்தச் சாயங்காலத்தைப் பற்றிச் சின்னவள் இதுவரை யாரிடமும் வாய் திறக்கவில்லை.

ஜன்னல் வழியாகப் பார்த்தபோது அம்மா கூடத்தில்தான் இருந்தாள். தூங்கவில்லை. மடியில் நாடகப் பிரதி, கையில் பென்சில். மணி அலறிக்கொண்டிருந்தது. அம்மா நிதானமாக ஒரு பக்கத்தைத் திருப்பினாள்.

ஜன்னல் கண்ணாடிக்கு முன்னால் போய்க் கையை ஆட்டிய பிறகுதான் துள்ளி எழுந்து வந்தாள். "ஏன்டி இப்படிப் பயமுறுத்துறே? மணி அடிக்க வேண்டியதுதானே?" என்றாள்.

அன்றிலிருந்து சின்னவள் கவனிக்க ஆரம்பித்தாள். கப்பலில் இன்ஜினியராக இருக்கும் அப்பா கூப்பிட்டால், "நீயே பேசு, எனக்கு வேலை கிடக்கு" என்று போன் இவள் கைக்கு வந்துவிடுகிறது. அம்மா முதுகைக் காட்டி நிற்கும்போது எதைக் கேட்டாலும் பதில் இல்லை. திரும்பிய பிறகு கேட்டால் உடனே பதில் வருகிறது. அக்கா கல்யாணமாகிப் போன பிறகு வீட்டில் இருப்பது இவர்கள் இரண்டு பேர்தான். அந்தச் சின்ன வீட்டில் இதை மறைப்பதும் கஷ்டம், கேட்பதும் கஷ்டம்.

வாய்விட்டுக் கேட்டுவிட்டால் அது நிஜமாகிவிடும் என்று சின்னவளுக்குப் பயம். அதனால் கேட்கவில்லை.

இன்று காலை, ஒத்திகைக் கூடத்துக்கு முகமூடிகள் வந்து சேர்ந்தன.

*

நாடகக் கல்லூரியில் எல்லோரும் அம்மாவை 'டீச்சர்' என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தக் கூடத்துக்குள் இருக்கும்வரை சின்னவளுக்கும் அவள் டீச்சர்தான். பழைய நாடகங்களை மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது அவள் வேலை. அதிலும் கோரஸ் என்றால் அவளை விட்டால் ஆள் கிடையாது. தனித்தனியாக வந்து சேர்கிற பிள்ளைகளை ஒரே மூச்சில் பேச வைத்து, ஒரே உடம்பாக நகர வைத்துவிடுவாள்.

இந்த வருடத்து நாடகத்தில் ஒரு நகரம் முற்றுகையில் கிடக்கிறது. ராணியின் மகன் போரில் விழுந்துவிட்டான். நகரத்து மக்கள் அவன் உடலைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, புலம்பியபடி கோட்டைப் படிகளில் ஏறுகிறார்கள். அந்த மக்கள்தான் கோரஸ். சின்னவளும் அதில் ஒருத்தி.

டீச்சர் பெட்டியைப் பிரித்து ஒரு முகமூடியை எடுத்தாள். காகிதக் கூழும் பசையும் சேர்த்துச் செய்தது. நெற்றியிலிருந்து தாடை வரை முழுசாக மூடியிருந்தது. வாய் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சின்னக் கீறல் மட்டும்.

அவள் அந்தக் கீறலை விரலால் தடவிப் பார்த்தாள்.

"பாதி முகமூடின்னுதானே சொல்லியிருந்தேன்?"

"அது மாறிடுச்சேக்கா," என்றான் அவள் தம்பி. கல்லூரியின் மேடை நிர்வாகி. சின்னவளுக்குத் தாய்மாமா என்பதால் மாணவர்கள் எல்லோருக்குமே அவன் மாமாதான். "பழைய நாடகம், பழைய முறைப்படியே முழு முகமூடியா இருக்கட்டும்னு முதல்வர் சொல்லிட்டார். உன்கிட்ட சொன்னேனே."

"எப்ப?"

"கார்ல வரும்போது. நீகூட தலையாட்டினியே."

கார் ஓட்டும்போது அவன் முகம் ரோட்டைப் பார்த்துத்தான் இருக்கும். அவள் என்றைக்குமே எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டுதான் வருகிறாள்.

"ஆமா, சொன்னே," என்றாள். "மறந்துட்டேன்."

வலது காது போய்விட்டது, இடது காதும் அதே வழியில்தான் போகிறது என்று டாக்டர் சொன்னபோது அவள் யாரையும் கூடக் கூட்டிக்கொண்டு போயிருக்கவில்லை. வீட்டுக்கு வந்தும் யாரிடமும் சொல்லவில்லை. இத்தனை நாளும் வாய்களை வைத்துத்தான் பிழைப்பை ஓட்டினாள். எந்த உதடு குவிகிறது, எந்தப் பையன் வரியைப் பாதியில் விழுங்குகிறான், எந்தப் பெண் மூச்சைச் சீக்கிரம் விடுகிறாள் என்று கண்ணால் படித்துவிடுவாள். இனி படிக்க வாய் இருக்காது.

"மாட்டிக்குங்க," என்றாள் மாணவர்களிடம். குரல் சரியாக வந்ததா என்று அவளுக்கே நிச்சயமில்லை.

முகங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. எல்லாம் ஒரே வெளிறிய முகமாக ஆகி அவளைப் பார்த்தன.

"நடங்க. கூடம் முழுக்க. யாரும் யார் மேலயும் இடிக்கக் கூடாது. பக்கத்துல இருக்கிறவனைப் பார்க்காதீங்க, அவன் மூச்சு எடுக்கிறதைக் கேளுங்க. ஒருத்தன் நின்னா எல்லாரும் நிக்கணும். யார் முதல்ல நின்னதுன்னு எனக்குத் தெரியக் கூடாது."

பல மாதங்களாகச் சொல்லி வருகிற பாடம். பார்க்காதே, கேள். கோரஸில் தலைவன் கிடையாது, யார் வேண்டுமானாலும் தொடங்கலாம், மூச்சு இழுக்கிற சத்தம்தான் சைகை. பிள்ளைகள் முகமூடியோடு நடந்தார்கள். அழகாக நடந்தார்கள். அவளுக்கு எதுவும் கேட்கவில்லை.

முகமூடிகளில் ஒன்று அவள் எதிரில் வந்து நின்றது. தலை கொஞ்சம் சாய்ந்தது. ஏதோ கேட்கிறது.

டீச்சர் ஒரு கணம் யோசித்தாள். "செஞ்சு பாரு, தானா தெரியும்," என்றாள்.

முகமூடிகளின் தோள்கள் குலுங்கின. சிரிக்கிறார்கள் என்று புரிந்துகொண்டு அவளும் புன்னகைத்தாள்.

சின்னவள் மட்டும் சிரிக்கவில்லை. அந்தப் பையன் கேட்டது, "டீச்சர், பாத்ரூம் போய்ட்டு வரலாமா?" என்று.

*

மதியத்துக்கு மேல் முதல்வர் ஒத்திகை பார்க்க வந்தார். நாற்காலிகளுக்கு நடுவில் உட்கார்ந்தார். பக்கத்தில் டீச்சர்.

இளவரசனாகக் கிடப்பவனுக்குக் கம்பு என்று பெயர். உயரத்தைப் பார்த்து முதலில் ஒட்டடைக்கம்பு என்று வைத்தார்கள். பெயரும் ஆளைப் போலவே நீளமாக இருக்கிறதென்று பிறகு வெட்டிச் சுருக்கிவிட்டார்கள். நாடகம் முழுக்கப் பிணமாகக் கிடப்பதுதான் அவன் வேஷம். "வசனமே இல்லாத கதாநாயகன் நான்தான்," என்று பெருமையடித்துக்கொள்வான்.

கழுத்திலிருந்து கால் வரை அவனை வெள்ளைத் துணியில் சுற்றினார்கள். கைகள் உள்ளே போயின. கடைசியில் முகமூடியை மாட்டி, வாரைப் பின்னால் இறுக்கினார்கள்.

தூக்குவதற்கு முன்னால் டீச்சர் வழக்கமான எச்சரிக்கையைச் சொன்னாள். "தூக்கின பிறகு யாரும் தனியா கையை எடுக்கக் கூடாது. ஒருத்தர் எடுத்தாலும் அவன் தலைகீழா விழுவான். இறக்கணும்னா நான் கை தட்டுவேன். நான் தட்டாம இறக்கக் கூடாது."

தூக்கினார்கள். கம்பு எல்லோருடைய தலைக்கும் மேலே போனான். சின்னவளின் கைகள் அவன் தோளுக்கும் பிடரிக்கும் அடியில் இருந்தன. முகமூடிக்குள் பசை வாடையும் தன் மூச்சின் சூடும்தான். கண் துவாரம் வழியாகத் தெரிந்தது முன்னால் போகிறவனின் முதுகு மட்டும்.

புலம்பல் தொடங்கியது. முதல் படி. இரண்டாவது படி.

மேலேயிருந்து ஒரு குரல் வந்தது. முனகல் மாதிரி. புலம்பலில் யாரோ தாளம் தப்புகிறார்கள் என்றுதான் சின்னவள் முதலில் நினைத்தாள்.

"இறக்குங்க."

அவள் கைக்கு மேலே பிடரி விறைத்தது.

"டீச்சர், மூச்சு... இறக்கச் சொல்லுங்க."

படியில் சாய்வாக ஏறும்போது அவன் தலை ஒரு பக்கம் சரிந்து, முகமூடி கீழே நழுவியிருந்தது. கீறல் தாடைக்குப் போய்விட்டது. மூக்கும் வாயும் மூடிய கூழுக்குள் மாட்டிக்கொண்டன. துணிக்குள் கட்டுண்ட கைகள் மீன் மாதிரி துடிப்பது சின்னவளின் விரல்களுக்குத் தெரிந்தது.

கோரஸ் தடுமாறியது. புலம்பல் அங்கங்கே அறுந்தது. எல்லோரும் ஒரு கைத்தட்டலுக்குக் காத்திருந்தார்கள்.

"ஏன் நிக்கிறீங்க?" டீச்சரின் குரல் நாற்காலிகள் பக்கமிருந்து வந்தது. "ஏறுங்க. நிறுத்தாதீங்க."

"டீச்சர்..." கம்பு இப்போது கத்தினான். கூழுக்குள் அந்தக் கத்தல் நசுங்கி வந்தது.

"மேல போங்க."

ஒரு கால் முன்னால் போனது. இன்னொன்று. கீழ்ப்படிந்து பழகிய கால்கள்.

சின்னவளுக்கு அந்தக் கணத்திலேயே தெரிந்துபோனது. அம்மாவுக்கு எதுவும் கேட்கவில்லை. கை தட்டமாட்டாள். இப்போது நான் நிறுத்தினால், ஏன் நிறுத்தினாய் என்று கேட்பார்கள். அவன் கத்தியது ஏன் டீச்சருக்குக் கேட்கவில்லை என்று கேட்பார்கள். எல்லாம் வெளியே வந்துவிடும்.

அந்த யோசனையோடு அவள் நின்றாள். எவ்வளவு நேரம் என்று பின்னால் எத்தனை முறை நினைத்துப் பார்த்தும் அவளுக்குப் பிடிபடவில்லை. கையில் துடிப்பு குறைந்தது மட்டும் தெரிந்தது.

துடிப்பு குறைந்ததுதான் அவளை உலுக்கியது.

சின்னவள் மூச்சை இழுத்தாள். நெஞ்சு முழுக்க, முகமூடிக்குள் காற்று கிழிகிற மாதிரி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி.

பக்கத்தில் ஒரு மூச்சு இழுபட்டது. அதற்கடுத்து இன்னொன்று. எல்லா முழங்கால்களும் சேர்ந்து மடங்கின. கம்பு அலுங்காமல் கீழே வந்து தரையில் படுத்தான்.

பக்கவாட்டிலிருந்து மாமா பாய்ந்து வந்து முகமூடியைப் பிய்த்தெடுத்தான். கம்புவின் உதடு நிறம் மாறியிருந்தது. கண் பாதி மூடியிருந்தது. "டேய், மூச்சு விடுடா, மூச்சு விடு," என்று மாமா அவன் கன்னத்தில் தட்டினான். துணியைக் கிழித்தார்கள். ஒரு நீண்ட, அசிங்கமான சத்தத்தோடு காற்று உள்ளே போனது. அப்புறம் இருமல். அந்த இருமல் சின்னவளுக்கு அவ்வளவு இனிமையாகக் கேட்டது.

டீச்சர் நடுவழியில் வந்துகொண்டிருந்தாள். குனிந்திருக்கும் முதுகுகள் மட்டும்தான் அவளுக்குத் தெரிந்தன.

"யார் இறக்கச் சொன்னது? நான் கை தட்டினேனா?"

பிள்ளைகள் திரும்பினார்கள். ஒவ்வொருவராக முகமூடியைக் கழற்றினார்கள். அந்த முகங்களைப் பார்த்ததும் அவள் கால்கள் நின்றுவிட்டன. பிறகுதான் தரையில் கிடந்தவனைப் பார்த்தாள்.

முதல்வர் பின்னாலேயே வந்து அவள் முன்னால் நின்றார். "டீச்சர், அவன் கத்தினது உங்க பக்கத்துல உட்கார்ந்திருந்த எனக்கே கேட்டுது. உங்களுக்குக் கேட்கலையா?"

நல்ல வெளிச்சம். ஒவ்வொரு சொல்லும் அவர் உதட்டில் தெளிவாகத் தெரிந்தது.

சின்னவள் அம்மாவின் முகத்தையே பார்த்தாள். சொல்லிவிடு, சொல்லிவிடு என்று மனசுக்குள் கெஞ்சினாள்.

"கேட்டுது," என்றாள் டீச்சர். "பயத்துல கத்துறான், பழகட்டும்னு விட்டேன்."

யாரும் முதல் அடி எடுத்து வைத்த மாதிரித் தெரியவில்லை. ஆனால் பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து, ஒரே உடம்பாக, அவளிடமிருந்து ஓர் அடி பின்வாங்கினார்கள்.

"நாளைக்குக் காலையில என் அறைக்கு வாங்க," என்று சொல்லிவிட்டு முதல்வர் போனார்.

*

உடை அறையில் அம்மா கதவுக்கு முதுகைக் காட்டி நின்று, கிழிந்த வெள்ளைத் துணியை மடித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா," என்றாள் சின்னவள் வாசலிலிருந்து.

துணி மடிந்தது.

"அம்மா, கம்பு செத்திருப்பான்."

ஓரங்களைச் சேர்த்து, சுருக்கம் நீவி, இன்னொரு மடிப்பு.

"நான் வீட்டை விட்டுப் போறேன்," என்றாள், இதாவது கேட்கிறதா என்று பார்க்க. அந்தச் சின்ன அறையில் அவள் குரல் யாரிடமும் போய்ச் சேரவில்லை. கிட்டே போய்த் தோளைத் தொட்டாள்.

அம்மா தூக்கிவாரிப்போட்டுத் திரும்பினாள். மகளின் கண்ணைப் பார்த்ததும் துணியைக் கீழே வைத்தாள்.

"எப்பலேர்ந்து தெரியும்?"

"நீ கதவு திறக்காத அன்னிக்கே."

"கேட்டிருக்கலாமே."

"நீ சொல்லியிருக்கலாமே."

அம்மா ஸ்டூலில் உட்கார்ந்தாள். "காது கேக்காதவகிட்ட யாருடி கோரஸைக் குடுப்பாங்க?"

"கொடுமைக்காரிகிட்ட மட்டும் குடுப்பாங்களாம்மா?"

"குடுப்பாங்க. கண்டிப்பான டீச்சர்னு சொல்லிக்குவாங்க." சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை. "தினமும் காலையில முழிச்சதும் காதுகிட்ட விரலைச் சொடுக்கிப் பார்க்கிறேன். சத்தம் வர்ற வரைக்கும் கண்ணைத் திறக்கிறதில்ல. வர வர ரொம்ப நேரம் சொடுக்க வேண்டியிருக்கு. பயமா இருக்குடி."

அம்மா பயம் என்று சொல்லிச் சின்னவள் கேட்டதே இல்லை. பக்கத்தில் போய் நிற்க வேண்டும் போல் இருந்தது. ஆனால் சொல்ல வேண்டியது ஒன்று பாக்கி இருந்தது. முகம் தெரிகிற மாதிரி எதிரில் தரையில் உட்கார்ந்தாள்.

"எனக்குக் கேட்டுதும்மா. அவன் முதல் தடவை சொன்னப்பவே கேட்டுது. நான் உடனே இறக்கலை."

"ஏன்?"

"நான் நிறுத்தினா உன் விஷயம் வெளியில வந்துடும்னு யோசிச்சுட்டு நின்னேன். அவன் என் கையில துடிச்சுட்டு இருந்தான், நான் உன்னை நினைச்சுட்டு நின்னேன்."

அம்மா அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். சரியாகப் படித்தோமா என்று சந்தேகப்படுகிறவள் போல.

"இன்னொரு தடவை சொல்லு."

சொன்னாள். இந்தத் தடவை அழுகையும் சேர்ந்து வந்தது.

அம்மா மகளின் கன்னத்தைப் புறங்கையால் துடைத்தாள். எழுந்து புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். "வா," என்றாள். "அந்தப் பையன் எங்க?"

*

கூடத்துக்குப் பின்னால் ஒரு சின்ன ஓய்வறை. ஜன்னலோரம் இருந்த பெஞ்சில் கம்பு படுத்திருந்தான். கால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. தாடைக்கடியில் வார் இறுகிய தடம் சிவந்திருந்தது. டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார். மாமா தண்ணீர் பாட்டிலோடு பக்கத்தில் இருந்தான்.

டீச்சரைப் பார்த்ததும் கம்பு அவசரமாக எழுந்து, கால்களை இழுத்துக்கொண்டு சுவரோடு ஒட்டினான்.

சொல்லிக்கொடுத்த இத்தனை வருடத்தில் எந்தப் பிள்ளையும் அவளைக் கண்டு அப்படி ஒதுங்கியதில்லை. டீச்சர் ஒரு நிமிடம் வாசலிலேயே நின்றாள். பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, அவன் முகத்துக்கு நேராக உட்கார்ந்தாள்.

"எனக்குக் காது கேக்கலைப்பா," என்றாள். "ரொம்ப நாளாவே. ஒரு காது சுத்தமா இல்ல, இன்னொண்ணும் பாதிதான். நீ கூப்பிட்டது எனக்குக் கேக்கவே இல்ல. கேட்டுதுன்னு முதல்வர்கிட்ட சொன்னது பொய்."

கம்பு அவளைப் பார்த்தான். மாமாவைப் பார்த்தான். மறுபடி அவளை.

"நிஜமாவா டீச்சர்?"

"நிஜமா."

"அப்ப நீங்க வேணும்னே விடலையா?"

"இல்லப்பா."

அவன் முகம் கோணிக்கொண்டது. அவ்வளவு உயரமான பையன் குழந்தை மாதிரி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். "மூச்சு முட்டினதைக்கூட தாங்கிக்கிட்டேன் டீச்சர். நீங்க கேட்டுட்டும் விட்டுட்டீங்களேன்னுதான்... அதை நினைச்சாத்தான் நடுங்குது."

கையால் மூடியிருந்ததால் டீச்சருக்கு எதுவும் புரியவில்லை. மகளைத் திரும்பிப் பார்த்தாள். சின்னவள் அதை ஒவ்வொரு வார்த்தையாகத் திருப்பிச் சொன்னாள்.

டீச்சர் அவன் முழங்காலில் கையை வைத்தாள். நடுக்கம் நிற்கிறவரை எடுக்கவில்லை.

"எங்கம்மா வந்துட்டு இருக்காங்க," என்றான் கம்பு, முகத்தைத் துடைத்துக்கொண்டு. "நான் சமாதானமா சொல்லிக்கிறேன் டீச்சர்."

"நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். அவங்ககிட்ட நான்தான் சொல்லணும். நாளைக்கு முதல்வர்கிட்டயும். கோரஸ்ல எல்லார்கிட்டயும்." வேலை போனாலும் போகட்டும் என்று அவள் சொல்லவில்லை. ஆனால் மகளின் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள்.

இவ்வளவு நேரமும் மாமா ஒரு வார்த்தை பேசவில்லை. சின்னவள் அதை அப்போதுதான் கவனித்தாள். அக்காவிடம் ஏன் மறைத்தாய் என்று கேட்கவில்லை. ஐயோ என்று சொல்லவில்லை. ஆச்சரியப்படக்கூட இல்லை. மெதுவாக எழுந்து ஜன்னலுக்குப் போனான். அவர்களுக்கு முதுகைக் காட்டி நின்று, வெளியே பார்த்தபடி தனக்குத்தானே சொல்வது போல் சொன்னான்.

"அக்காவுக்கும் ஆரம்பிச்சிடுச்சா."

சின்னவளுக்கு நன்றாகக் கேட்டது. அக்காவுக்கும். அப்படியென்றால் அதற்கு முன்னால் யாருக்கு? இன்னும் யாருக்கெல்லாம் வரும்? தனக்குமா?

அம்மா தம்பியின் முதுகைப் பார்த்தாள். தோள் இறங்கிய விதத்தில் எதையோ உணர்ந்திருக்க வேண்டும். "உன் மாமா ஏதோ சொன்னான் போலிருக்கே. என்ன சொன்னான்?"

மாமா திரும்பினான். அவன் கண்கள் அக்காவைத் தாண்டி சின்னவளிடம் வந்து நின்றன. தலை மிக லேசாக, வேண்டாம் என்று அசைந்தது.

சின்னவள் மாமாவிடமிருந்து கண்ணை எடுத்தாள். அம்மாவுக்கு உதடு நன்றாகத் தெரியட்டும் என்று முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.

"ஒண்ணும் சொல்லலைம்மா," என்றாள்.